கையடக்கக் காமிராவும் சிறுமுதற் படங்களும்

கையிற் பொருள் குறைந்த ஒருவன் திரைப்படம் எடுக்க எண்ணுவானாயின், எந்தக் காமிராவைத் தேர்வது என்னும் கேள்வியே அவன்முன் முதலில் வந்து நிற்கும். அதற்கு விடை கண்ட சிலருடைய வரலாற்றை இன்று நோக்குவோம்.

35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடும். 1000 அடிச் சுருள் 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். பின்னர் அதனைக் கழுவவும் படியெடுக்கவும் தனிச் செலவு உண்டு. நடிகர் ஒருவர் வசனத்தை மறந்தால், அந்த மறதிக்கும் காசு கொடுத்தாக வேண்டும்!

1983-இல் ஸோனி நிறுவனம் காமிராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கி, ‘பீட்டாமூவி’ என்னும் காம்கார்டரை வெளியிட்டது. எடுத்த காட்சியை அதிலேயே போட்டுப் பார்க்க இயலாது. இல்ல விழாக்களுக்கு அது போதும், வெண்திரைக்குப் போதாது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்குந்தோறும் காட்சி தேய்ந்தது.

இக்குறையைப் பெரிதும் போக்கியது 1995-இல் வந்த ஸோனி வி.எக்ஸ்.1000. அது ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பட்டகத்தாற் பிரித்து, மூன்று சில்லுகளில் தனித்தனியே ஏற்றது. எண்களாக மாறிய காட்சி சிறு நாடாவொன்றில் ஒரு மணி நேரம் பதிந்தது. கம்பி வழியே கணிப்பொறிக்குத் தேய்வின்றிச் சென்றது. படத்தொகுப்பு வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

அதே ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த லார்ஸ் வான் ட்ரையரும் தாமஸ் வின்டர்பெர்க்கும் ‘டாக்மா 95’ என்னும் விதிகளை அறிவித்தனர். காமிரா கையிலேயே இருத்தல் வேண்டும். தனி ஒளியமைப்புக் கூடாது. ஒலியைப் பின்னர்ச் சேர்த்தலும் ஆகாது. வின்டர்பெர்க்கின் ‘ஃபெஸ்டன்’ 1998-இல் வெளிவந்து, கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதன் ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மாண்டில் கைக்கொண்டது எது தெரியுமா? வி.எக்ஸ்.1000-ஐவிடவும் சிறிய, வீட்டுப் பயனுக்கான ஸோனி காம்கார்டர்! தந்தையின் 60-ஆம் பிறந்தநாள் விருந்தில் மகன் குடும்பத்தின் கொடிய இரகசியத்தை உடைக்கும் கதை அது. உள்ளங்கையில் அடங்கும் கருவி விருந்தினரிடையே அவர்களுள் ஒருவரைப்போல் உலவியது. இருண்ட அறைகளிற் காட்சி புள்ளி புள்ளியாய்ச் சிதறியது மெய்தான். ஆயினும் அக்கதைக்குத் தெளிவினும் நெருக்கமே வேண்டியிருந்தது என்பது என் துணிபு.

2002-இல் பானசோனிக் டி.வி.எக்ஸ்.100 தோன்றியது. தொலைக்காட்சிக் காமிராக்கள் ஒவ்வொரு படத்தையும் இரு பாதிகளாகப் பிரித்தே பதிந்து வந்தன. இதுவோ, திரைப்படத்தைப்போலவே நொடிக்கு 24 முழுப் படங்களைப் பதிந்தது. நல்ல மைக்குகளை நேரே பொருத்தவும் இடம் தந்தது. ஒலியை மறந்து காமிரா வாங்குவோர் இதனைக் கருத வேண்டும். மங்கலான காட்சியைப் பொறுப்போர் கேளாத வசனத்தைப் பொறார்.

அவ்வாண்டே டானி பாயிலின் ‘28 டேஸ் லேட்டர்’ வெளிவந்தது. ஒளிப்பதிவு அதே மாண்டில். காமிரா கானன் எக்ஸ்.எல்.1. கொள்ளைநோயால் ஆளொழிந்த இலண்டனைக் காட்ட வேண்டும். ஆனால் அதிகாலையிற் சில நிமிடங்களே போக்குவரத்தை நிறுத்த முடிந்தது. பெருங்காமிராவை நிலைநிறுத்துமுன் அந்நிமிடங்கள் கழிந்துவிடும். சிறு காமிராக்கள் பலவற்றை ஒரே வேளையில் வெவ்வேறு கோணங்களில் நிறுத்தி, வெறிச்சோடிய வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைப் பிடித்தனர். ஆபத்து நீங்கி நம்பிக்கை பிறக்கும் இறுதிக் காட்சியை மட்டும் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தனர்.