ஒரு மூட்டை யூரியாவின் வரலாறு



2021 பெரும்போகத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை நீக்கியபோது பல வட்டைகளில் விதைப்பு முடிந்திருந்தது. பயிர் மஞ்சளித்து நிற்க, யூரியா தேடி அலைந்தோம்.

பிறகொரு நாள் வகுப்பில், யூரியா எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். "கப்பலில்" என்றார்கள் பிள்ளைகள். சரிதான். ஆனால் கப்பலுக்கு முன்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

சதுப்புச் சேற்றைக் கம்பால் கிளறினால் குமிழி வரும். அதில் உள்ள எரியும் வாயுதான் மெதேன். 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றிலிருந்து அதைப் பிடித்து ஆராய்ந்தார் வோல்ற்றா. அப்போது அது வெறும் எரியும் வாயு, அவ்வளவுதான்.

1909இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா செய்து காட்டினார். ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு, மலிவான இரும்பே அதற்கு ஏற்ற ஊக்கி என்று கண்டார்கள். 1913இல் ஓப்பாவில் தொழிற்சாலை இயங்கியது. ஐதரசனை முதலில் நிலக்கரியைக் கொண்டே எடுத்தார்கள். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு மெதேன் வந்தது. மெதேனையும் நீராவியையும் 800 பாகை அளவு வெப்பத்தில் நிக்கல் ஊக்கியின் மேல் செலுத்தினால் ஐதரசன் கிடைக்கும். கூடவே வரும் காபனீரொட்சைட்டும் வீண்போகாது. அது அமோனியாவோடு சேர்ந்தால் யூரியா. அதில் 46 சதவீதம் நைதரசன்.

நமது நாடும் இதை முயன்றது. 1980களின் தொடக்கத்தில் சப்புகஸ்கந்தவில் யூரியாத் தொழிற்சாலை இயங்கியது. நம்மிடம் மெதேன் இல்லாததால் எண்ணெய் சுத்திகரிப்பில் வரும் நெப்தாவைப் பயன்படுத்தினார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. சில வருடங்களிலேயே மூடிவிட்டார்கள்.

2011இல் மன்னார்க் கடலடியில் இரண்டு கிணறுகளில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. இன்றுவரை அதிலிருந்து ஒரு மூட்டை யூரியாகூட வரவில்லை.

வாயு இருந்தால் மட்டும் போதாது. அதை மாற்றத் தெரிந்தவர்களும் வேண்டும். "ஊக்கி தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும், தான் செலவாகாது" என்று பரீட்சைக்காக நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வரிக்கும் வாப்பாவின் வயலுக்கும் உள்ள தொடர்பை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மன்னார் வாயு என்றாவது கரைக்கு வந்தால், அந்த ஆலையில் வேலை தெரிந்தவர்களாக நம் ஊர்ப் பிள்ளைகளும் நிற்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

இன்றிரவு வீட்டில் 2021ஐப் பற்றிப் பேசுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.