கேப்டனும் துஹேத்தும்

கார் நிக்கோபாரில் ஊர்த் தலைவருக்குப் பெயர் 'கேப்டன்'. தேங்காய் வாங்க வந்த வெளிநாட்டுக் கப்பல்களோடு பழகிய காலத்தின் மிச்சம் அது. 1869இல் பிரிட்டிஷார் நிக்கோபார் தீவுகளைத் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர். அதன்பின் தலைவர்களுக்கு நியமனச் சான்றும், ஒரு கொடியும், வந்துபோகும் கப்பல்களைப் பதிவதற்கு ஒரு புத்தகமும் தந்தனர். கப்பல்காரர்கள் கொடுத்த பழைய கோட்டுகளையும் தொப்பிகளையும் மாட்டிக்கொண்டு கரையில் நின்ற தலைவர்களைப் பற்றி அக்காலப் பயணிகள் சிரிப்போடு எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் கண்டது தொப்பியை மட்டும்தான். நிலமும் தென்னையும் பன்றியும் துஹேத் எனும் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. துஹேத்துக்குள் மூத்தவர் சொல்லே செல்லும். ஊர்க் காரியங்கள் கடலோரப் பொது இடமான எல்பனாமில் நடந்தன. கேப்டன் பதவி இவற்றின் மேல் போர்த்திய துணி.

1890களின் நடுவில் வேதப்பன் சாலமன் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் அரசின் முகவராகவும் மதபோதகராகவும் வந்து, மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுவதும் அவர் வேலை. பேய் பிடித்தவர், ஊருக்கு ஆகாதவர் என்று முடிவுகட்டி ஒருவரைப் பலர் சேர்ந்து கொல்லும் வழக்கம் அப்போது இருந்தது. அதிகாரிகள் அதைப் 'பேய்க் கொலை' என்றனர். இதையும் பதிந்த சாலமனின் குறிப்புகளிலிருந்து சில பகுதிகள் பின்னர் லண்டன் மானிடவியல் இதழில் வெளிவந்தன.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ஹா-செவ்-கா, பின்னாளின் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவின் மாண்டலேயில் படிப்பை முடித்துத் தீவுக்குத் திரும்பி ஆசிரியரானார். வெளியூரில் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கு வருபவர் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பேய் பயத்தை அவர் எதிர்த்தார். துஹேத்தை அசைக்கவில்லை. கிறிஸ்தவம் பரவியபின்னும் பன்றி விருந்தும், புதைத்த எலும்பைத் தோண்டியெடுத்துச் செய்யும் சடங்கும் மறைந்துவிடவில்லை. அவர் விவிலியத்தை ரோமன் எழுத்தில் கார் நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். முழு நூல் 1969இல் வெளிவந்தது. பிரசங்கத்தைவிட, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற இந்தத் தேர்வில்தான் அவருடைய தலைமை தெரிகிறது.

ஜப்பானியர் 1942இல் தீவைப் பிடித்தனர். உளவாளிகள் என்ற பழியில் பல நிக்கோபாரியர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு, உயிர் தப்பினார். 1950இல் பிஷப்பானார். 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1975இல் பத்ம பூஷண் கிடைத்தது. 1978இல் காலமானார். தீவின் மருத்துவமனை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிமுறை வந்தபின் வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் தீவுக்குள் நுழைய முடியாது. கேப்டன்களை இப்போது ஊராரே தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் என்று வரிசை உண்டு. அவர்களுக்கு மேல் பழங்குடி மன்றம்.

2004 டிசம்பர் 26 சுனாமி கார் நிக்கோபாரின் மலாக்கா உள்ளிட்ட கடலோர ஊர்களையும் எல்பனாம்களையும் அழித்தது. பிழைத்தவர்கள் மேட்டு நிலத்துத் தகரக் கொட்டகைகளுக்குப் போனார்கள். நிவாரணப் பணமும் புதிய வீடுகளும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் கொடுக்கப்பட்டன. துஹேத்தை ஒரு குடும்பமாக எழுத அந்தப் படிவங்களில் இடம் இல்லை. தென்னையையும் பன்றியையும் பங்கிட்டு வாழ்ந்தவர்களிடம் அதன்பின் தனித்தனி வங்கிக் கணக்குகள் வந்தன.