நியூயார்க் ஓவியமும் சர்ரியலிசக் கடனும்

அமெரிக்க நவீன ஓவியத்தில் சர்ரியலிசத்தின் செல்வாக்கு என்றதும் சால்வதோர் தாலியின் உருகும் கடிகாரங்களே பலர் நினைவுக்கு வருகின்றன. 1936 டிசம்பரில் 'டைம்' இதழின் அட்டையிலேயே இடம்பெற்றவர் அவர். ஆயினும் 1940களின் இளம் அமெரிக்க ஓவியர்கள் சர்ரியலிசத்திடமிருந்து பெற்றது கனவுப் படிமங்களை அன்று, ஒரு செயல்முறையை.

அது தன்னியக்க வரைதல். முன்திட்டமின்றிக் கையை ஓடவிட்டு, நனவிலி மனம் கோடுகளில் வெளிப்பட வழிவிடும் முறை. ஆந்த்ரே மசோன் 1920களிலேயே இதைக் கையாண்டவர். துணியில் பசையைத் தன்போக்கில் பரப்பி, மணல் தூவி, ஒட்டிய இடங்களிலிருந்து உருவங்களை எழுப்பினார்.

நாஜி ஆக்கிரமிப்பிலிருந்து தப்பி, 1941இல் மசோன், ஆந்த்ரே பிரெத்தோன், மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோர் அமெரிக்கா வந்தடைந்தனர். பிரெத்தோன் ஆங்கிலம் கற்க மறுத்தார். ஆகவே பாலமாக அமைந்தவர், 1939 முதல் நியூயார்க்கில் வாழ்ந்த சிலி நாட்டு ஓவியர் ரொபேர்த்தோ மத்தா. ஆங்கிலம் அறிந்தவர், வயதிலும் உள்ளூர் ஓவியர்களை ஒத்தவர். 1942இல் ஜாக்சன் பொல்லாக், ராபர்ட் மதர்வெல், வில்லியம் பசியோட்டிஸ் முதலியோரைக் கூட்டித் தன்னியக்கப் பயிற்சிகள் நடத்தினார். அக்கூட்டங்கள் நீடிக்கவில்லை, பழக்கம் நீடித்தது.

ஆர்மீனியாவைப் பூர்விகமாகக் கொண்ட ஆர்ஷைல் கார்க்கியிடம் இதன் விளைவு இன்னும் தெளிவு. ('தாய்' நாவலாசிரியரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டவர், உறவேதும் இல்லை.) மத்தாவின் நட்புக்குப்பின் அவர் வண்ணம் நீர்த்தது, வழிந்தது, கோடு வண்ணத்தின் எல்லையை மீறித் திரிந்தது. 1945இல் அவர் கண்காட்சிக்கு பிரெத்தோனே முன்னுரை எழுதினார்.

1944இல் ஒரு வினாநிரலுக்கு விடையளித்த பொல்லாக், கலையின் ஊற்று நனவிலி என்னும் ஐரோப்பியரின் கருத்து தம்மை ஈர்த்ததாகவும், அமெரிக்கா வந்திருந்த ஓவியர்களைவிட அக்கருத்தே முக்கியம் என்றும் குறிப்பிட்டார். நன்றியும் விலகலும் கலந்த விடை.

அதே ஆண்டில் விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் சர்ரியலிச ஓவியத்தைப் பின்னோக்கிய போக்கெனச் சாடினார். அவர் வகுத்த வரலாறு கியூபிசத்திலிருந்து தட்டையான அரூப ஓவியத்திற்கு நேர்கோடாகச் செல்வது. படப்பரப்பு எவ்வாறு தட்டையாயிற்று என்பதை அது நன்கு விளக்குகிறது. திட்டமிடாமல் தொடங்கும் துணிவு ஓவியருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் விடையில்லை.

மறதிக்குக் காலமும் துணைசெய்தது. பிரெத்தோன் 1946இல் பிரான்சு திரும்பினார். பொல்லாக்கின் முதல் தனிக்கண்காட்சியை 1943இல் நடத்திய பெக்கி குகென்ஹைம் 1947இல் தம் கூடத்தை மூடினார். பொல்லாக் தரையில் விரித்த துணிமேல் வண்ணத்தை ஊற்றித் தெளிக்கும் முறையில் முழுமையாக இறங்கியதும் அவ்வாண்டிலேதான்.