விஷம் எடுத்த கைகளும் விஷம் ஏறிய உடல்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது சாய்ந்துவிட்டால் பாம்பைப் பாம்பு என்று பெயர் சொல்ல மாட்டார்கள் நம் பெரியவர்கள். 'பூச்சி' என்பார்கள். வயலுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் தெளிக்கிற விஷத்துக்கோ 'மருந்து' என்று பெயர். 'மருந்தடிக்கப் போயிருக்கான்' என்பதும் 'மருந்தைக் குடிச்சிட்டா' என்பதும் ஒரே தெருவில், ஒரே வாயில் வருகிற வாக்கியங்கள். இந்தப் பூச்சிக்கும் இந்த மருந்துக்கும் அதிகம் பலியாவது கூலி உழைப்பாளிகள்தான். ஆனால் நச்சு மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் துரைமார் பெயரில் தொடங்கி ஆய்வகத்தில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் நின்றவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ல் அவர் புத்தகம் வெளிவந்தது. அந்தக் காலத்தில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்று பாம்புக்கடிக்குப் பெயர் பெற்றிருந்தது. அதில் பாஷாணம் கலந்திருந்தது. ரஸ்ஸல் அதை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கேள்விப்பட்டதை நம்பாமல் சோதித்துப் பார்த்தது பெரிய காரியம்தான், அதை நாம் மறுக்கவில்லை. பாம்புகளுக்கு உள்ளூர் மக்கள் வைத்திருந்த பெயர்களையும் அவர் எழுதி வைத்தார். ஆனால் நம் கண்ணாடி விரியன் இன்று உலகம் முழுக்க ரஸ்ஸல் விரியன். அதைப் பிடித்துப் பானையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த கைக்கு எந்தப் பெயரும் இல்லை.

அதற்கு நூறு ஆண்டு கழித்து, 1890-களில், ஆல்பர் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விஷமுறிவுச் சீரத்தைச் செய்து காட்டினார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும். அதைப் பிரித்தெடுத்து மனிதருக்கு ஏற்றலாம். இன்றும் அடிப்படை முறை இதுதான். குதிரைக்கு ஏற்ற விஷம் வேண்டும். விஷத்துக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். அதை யார் பிடிப்பது?

தமிழகத்தில் இதற்கு விடை இருளர்கள். வட மாவட்டங்களின் இந்தப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பையும் எலியையும் பிடித்து வாழ்ந்தவர்கள். வெள்ளைக்காரன் காலம் தொட்டுப் பாம்புத்தோல் வியாபாரிகள் அவர்களுக்குச் சில்லறைக் காசு கொடுத்து, தோலைக் கப்பலேற்றிக் கொழுத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பைக் காப்பாற்றிய சட்டம், பாம்பை நம்பிப் பிழைத்தவர்களை ஒரே நாளில் குற்றவாளிகளாக்கியது. காடும் உயிரும் காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் அந்தக் காவலின் விலையை முதலில் யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

1978-ல் ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. பிடித்த பாம்பைக் கொல்லாமல் சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு இந்தச் சங்கத்திலிருந்துதான் பல்லாண்டுகளாகப் போகிறது. ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை உத்தரவு முடிவு செய்கிறது. உத்தரவு தாமதித்தால் வருமானம் நிற்கும். 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டிய வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ரஸ்ஸல் காலத்திலிருந்து எண்ணினால் இருநூறு ஆண்டுக்கு மேல். பிடித்த கைக்கு அப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது.

தேனிக்கு வருவோம். கூடலூர் லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. இராத்திரி மடை திறக்கப் போகிறவரும், வரப்போரம் புல்லறுக்கிறவரும், களத்தில் வைக்கோல் அள்ளுகிறவரும் யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி விரியன் எலியைத் தேடி அங்கேதான் வரும். கட்டுவிரியன் கதை வேறு. அது இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் சிறியது, பெரிதாக வலிக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள், இமை கீழிறங்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் திணறும். 'என்னமோ சாப்பிட்டது ஒத்துக்கல' என்று சோடா வாங்கிக் கொடுத்த வீடுகள் உண்டு. கட்டிலும் கதவிடுக்கு அடைத்த வீடும் உள்ளவருக்கு இந்தச் சாவு அபூர்வம். ஆகவே கட்டுவிரியன் கடியை நாம் வீட்டுமனைப் பிரச்சினை என்றும் சொல்வோம்.

இன்னொன்றைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நம் பெண்கள் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். அந்த ஈரச் சருகுக்குள் கூர்மூக்குக் குழிவிரியன் கிடக்கும். ஒரு முழம்கூட இருக்காது. ஏலக்காய் பறிப்பது செடியின் தூரில், குனிந்து கைவிட்டு. இந்தப் பாம்பின் கடி சாதாரணமானது என்றுதான் இந்திய மருத்துவ உலகம் வெகுகாலம் நினைத்தது. 2007-ல்தான் கேரள மருத்துவர்கள் இது உயிருக்கே ஆபத்தாகும், சிறுநீரகத்தையும் இரத்த உறைவையும் கெடுக்கும் என்று உறுதி செய்யப்பட்ட நோயாளிகளைக் கொண்டு எழுதினார்கள். இலங்கையில் இது முன்பே தெரிந்த செய்தி. நம் மருந்துக் குப்பி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு மட்டும் செய்யப்படுகிறது. குழிவிரியனுக்கு அது கேட்காது. தோட்ட முதலாளிகளைக் கடித்திருந்தால் இத்தனை காலம் தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்பது குதர்க்கம் என்றால், குதர்க்கமாகவே இருக்கட்டும்.

இனி, 'மருந்து'. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலைச் சாவு உச்சத்தில் இருந்தது, பெரும்பகுதி பூச்சிக்கொல்லியால். பேராதனையை மையமாகக் கொண்ட நச்சு மருத்துவ ஆய்வுக் குழு அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் சிகிச்சைகளைச் சோதித்தது. 2008-ல் வெளிவந்த கரித்தூள் ஆய்வில் 4,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள். திரும்பத் திரும்பக் கரி கொடுப்பதால் சாவு குறையவில்லை என்பது முடிவு. சாவைக் குறைத்தது வேறொன்று. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்த அரசு ஒவ்வொன்றாகக் கடையிலிருந்தே விலக்கியது. தற்கொலைச் சாவு சரிந்தது, விளைச்சல் சரியவில்லை. இங்கே மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே சொன்னார்கள், கடையில் விற்கலாம் என்று விட்டார்கள். 2013-ல் பீகாரில் பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 குழந்தைகள் செத்தார்கள். அதன் 36 சதவீதக் கரைசலை நிறுத்தும் ஆணை 2023-ல்தான் வந்தது. முதுகில் தெளிப்பானும் மூக்கில் துண்டுமாக அதை அடித்தவர்களின் உடலில் என்ன ஏறியது என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சோதித்தவர்கள் எத்தனை பேர்?

விஷம் ஆயுதமாகவும் இருந்திருக்கிறது. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே, சாதி மறுத்து மணந்த கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷத்தை வலுக்கட்டாயமாக ஊற்றிக் கொன்று எரித்தார்கள். வெளியே தற்கொலை என்றார்கள். 2021-ல் கடலூர் நீதிமன்றம் காவல்துறையினர் இருவர் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. 18 ஆண்டு ஆயிற்று. 'விஷம் அருந்தி இறந்தார்' என்று சாதி மறுப்புத் தம்பதி பற்றிய ஒரு வரி காவல்நிலையத்தில் எழுதப்படும்போதெல்லாம் நாம் உடற்கூறாய்வு அறிக்கையைக் கேட்பது இதனால்தான்.

பாம்புக்கடியில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று மருத்துவமனைக் கணக்கை நம்பியவரை உண்மை வெளிவரவில்லை. ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், செத்தவரின் குடும்பத்தைக் கேட்டு எழுதினார்கள். 2011-ல் வெளியான அந்தக் கணக்குப்படி 2005-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 46,000 பேர். 97 சதவீதம் கிராமத்தில், முக்கால்வாசிப் பேர் மருத்துவமனை வாசலை மிதிக்காமலே. 2020-ல் வந்த அடுத்த கணக்கு, இருபது ஆண்டுகளில் 12 லட்சம் பேர் என்றது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. இனி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கடிபட்டவரின் தொழில், கடிபட்ட இடம், தரையில் படுத்திருந்தாரா, எந்த மாநிலத் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்பவையும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். குமுளிக்கு அந்தப் பக்கம் கடிபட்டு இந்தப் பக்கம் சாகிறவர் எந்த மாநிலக் கணக்கில் வருவார் என்பதையும் சேர்த்துத்தான்.