பிழை எனப்பட்டதும் இலக்கணமே: அந்திரேய் சலிஸ்னியாக்கின் சிலாவிய மொழியாய்வு

பழைய ஆவணம் ஒன்றில் எதிர்பாராத சொல்வடிவம் காணப்படின், அதனை எழுதியவரின் பிழையாகக் கொள்வதா, அவர்தம் மொழியின் இயல்பாகக் கொள்வதா என்பது வரலாற்று மொழியியலார் அடிக்கடி எதிர்கொள்ளும் வினாவாகும். உருசிய மொழியியலறிஞர் அந்திரேய் சலிஸ்னியாக் (1935-2017) இவ்வினாவிற்குக் கண்ட விடை, கிழக்குச் சிலாவிய மொழிகளின் வரலாற்றைத் திருத்தி எழுதச் செய்தது. அவ்விடைக்கு அவரை இட்டுச் சென்ற ஆய்வுப் பாதையை இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகிறது.

1. சொல்திரிபு ஆய்வு

மாஸ்கோவில் பிறந்த சலிஸ்னியாக் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1956-57இல் பாரிஸ் நகரில் ஆந்திரே மார்த்தினேயிடமும் கற்றார். 1960 முதல் சிலாவியவியல் நிறுவனத்தில் பணியாற்றினார். 1961இல் பிரெஞ்சு மொழியினர்க்கென அவர் தொகுத்த சிறு உருசிய-பிரெஞ்சு அகராதியில் உருசியச் சொல்திரிபு பற்றிய இலக்கணச் சுருக்கம் ஒன்றும் இடம்பெற்றது. தாய்மொழியாளர் உணராமலே கையாளும் விதிகளை அயலார்க்கு எஞ்சாமல் எடுத்துரைக்க வேண்டிய தேவையே அவருடைய பின்னைய ஆய்வுக்கு வித்தாயிற்று எனலாம்.

1965இல் முதல்நிலைப் பட்டத்திற்கென அவர் அளித்த ஆய்வேட்டிற்கு உயர்நிலையான முனைவர் பட்டமே நேரடியாக வழங்கப்பட்டது. உருசியப் பெயர்ச்சொல் திரிபு பற்றிய அவ்வாய்வு 1967இல் நூலாக வெளிவந்தது. 1977இல் வெளியான அவருடைய இலக்கண அகராதி, ஏறத்தாழ 1,00,000 சொற்களை இறுதியெழுத்து முறையில் அடுக்கி, ஒவ்வொரு சொல்லின் திரிபையும் அழுத்தத்தையும் குறியீட்டால் சுட்டுகிறது. கணினிக்கென எழுதப்படாத இந்நூல், பின்னாளில் உருசிய எழுத்துப்பிழை திருத்திகளுக்கும் எந்திர மொழிபெயர்ப்பிற்கும் அடிப்படையாயிற்று. 1978இல் வெளிவந்த கொச்செர்கினாவின் சமஸ்கிருத-உருசிய அகராதியிலும் அவர் எழுதிய சமஸ்கிருத இலக்கணச் சுருக்கம் இணைக்கப்பட்டுள்ளது.

2. மரப்பட்டை மடல்கள்

1951 ஜூலை 26ஆம் நாள் நோவ்கொரோது நகர அகழாய்வில், பூர்ச்சமரப் பட்டையில் கீறி எழுதப்பட்ட முதல் மடல் கிடைத்தது. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான இத்தகைய மடல்கள் இதுவரை ஆயிரத்திற்கும் மேலாகக் கிடைத்துள்ளன. கடன் கணக்கு, வழக்கு, வணிகம், குடும்பச் செய்தி ஆகியனவே இவற்றின் பொருள். ஏட்டு வழக்கினின்று இவற்றின் எழுத்துமுறை பெரிதும் வேறுபட்டமையால், எழுதப் படிக்கச் சரிவரத் தெரியாதார் கிறுக்கியவை இவை எனக் கருதும் போக்கு நிலவியது.

1982 முதல் இம்மடல்களின் மொழியை முறையாக ஆராய்ந்த சலிஸ்னியாக், அப்பிழைகளை வகைப்படுத்தினார். குறிப்பிட்ட சில எழுத்துகள் மட்டுமே தமக்குள் இடம் மாறி வந்தன. பிற எழுத்துகள் மாறவில்லை. கண்டபடி பிழை செய்வோரிடம் இத்தகைய வரையறை காணப்படாது. ஆகவே இஃது அறியாமையன்று, அன்றாட வழக்கிற்குரிய தனியோர் எழுத்துமுறை என அவர் நிறுவினார்.

எழுத்துமுறை தெளிந்தபின் ஒலியமைப்பு வெளிப்பட்டது. முன்னுயிர்க்கு முன் ககரம் அண்ணவினமாதல் தமிழ் மொழியியலார் நன்கறிந்த மாற்றம். கன்னடத்தின் ‘கிவி’ தமிழில் ‘செவி’ என வருதல் காண்க. சிலாவிய மொழிகளில் இதனையொத்து நிகழ்ந்த ‘இரண்டாம் அண்ணவினமாதல்’, அக்குடும்பம் முழுமைக்கும் பொது எனக் கொள்ளப்பட்டு வந்தது. 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்த 247ஆம் மடலிலோ, ‘த்ஸ்’ ஒலியில் தொடங்க வேண்டிய ‘பழுதற்றது’ என்னும் பொருளுடைய சொல் ‘க்’ ஒலியிலேயே தொடங்குகிறது. இதனை அறியாத முதற் பதிப்பாசிரியர்கள், துறவியர் அறையைக் குறிக்கும் வேறொரு சொல்லாக அதனைக் கொண்டனர். பூட்டும் கதவுகளும் பழுதின்றி உள்ளன என்பதே மடலின் செய்தி. பழுது இருந்தது வாசிப்பில், எழுதியவரிடம் அன்று.

பிஸ்கோவ் வட்டாரக் கிளைமொழிகளில் இம்மாற்றம் நிகழவில்லை என்பதை 1960களிலேயே சோபியா குளூஸ்கினா சுட்டியிருந்தார். மடல்கள் அதற்குப் பழஞ்சான்று அளித்தன. தொடக்கத்தில் ஒன்றாயிருந்த கிழக்குச் சிலாவியம் பின்னரே பிரிந்தது என்னும் கருத்து இதனால் தளர்ந்தது. வடமேற்கு வழக்கு தொன்மையிலேயே வேறுபட்டிருந்தது. இன்றைய உருசிய மொழி ஒருவகையில் இரு வழக்குகள் நெருங்கி இணைந்ததன் விளைவு. ‘கையில்’ என்பதற்கு உக்ரேனிய மொழி ‘ருத்ஸி’ என்று கூற, உருசிய மொழி ‘ருக்கே’ எனக் ககரத்தைக் காத்து நிற்றலை இவ்விணைவோடு அவர் தொடர்புபடுத்தினார். 1995இல் வெளிவந்த ‘பழைய நோவ்கொரோது கிளைமொழி’ என்னும் நூல் இம்முடிவுகளைத் தொகுத்துரைக்கிறது.

3. சான்றும் வழக்கும்

‘இகோர் படையெழுச்சி’ என்னும் பழங்காப்பியத்தின் கைப்படி 1812 மாஸ்கோ தீயில் அழிந்தது. எனவே 1800இல் அச்சான அந்நூல் 18ஆம் நூற்றாண்டுப் போலியே என்போர் பலர் இருந்தனர். 2004இல் சலிஸ்னியாக் இவ்வழக்கினை மொழிச் சான்றால் ஆராய்ந்தார். ஒட்டிடைச் சொற்கள் தொடரில் அமையும் இடம் பழைய பேச்சு வழக்கின் விதிகளோடு நுட்பமாகப் பொருந்துவதைக் காட்டினார். அவ்விதிகளோ மிகப் பிற்காலத்தில் கண்டறியப்பட்டவை. போலி செய்தவர் ஒருவர் இருந்திருப்பின், வருங்கால மொழியியலையும் அவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். நூல் தொன்மையானது என்னும் முடிவை அவர் விரும்பிச் சென்றடையவில்லை. சான்றே அங்கு இட்டுச் சென்றது.

4. நிறைவாக

2007இல் சோல்செனித்சின் பரிசு பெற்றபோது, உண்மை என ஒன்று உண்டு, அதனைத் தேடுதலே அறிவியலின் நோக்கம் என அவர் வலியுறுத்தினார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இலையுதிர் பருவந்தோறும் அவ்வாண்டு கிடைத்த மடல்கள் பற்றி அவர் நிகழ்த்திய உரைகளுக்குப் பொதுமக்களும் திரண்டனர்.

தரவழக்கைக் கொண்டு பிறர் வழக்கை அளப்பது எளிது. ஆனால் அவ்வாறு அளந்தவரை, ஒரு நகரத்தார் தம் மொழியைப் பிழையாக எழுதியவர்களாகவே வரலாற்றில் நின்றனர். மூலத்தில் பொருந்தாத ஒரு வடிவத்தைத் திருத்த முனையும் பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும், அதற்கு முன், அவ்வடிவம் வேறெங்கும் அவ்வாறே வருகின்றதா எனத் தேடுதல் வேண்டும். சலிஸ்னியாக்கின் வாழ்நாள் உழைப்பு நமக்கு விட்டுச்சென்ற நெறி இதுவே.