ஐசன்ஹைம் மருத்துவமனையின் கிறிஸ்து

ரோம் நகரின் சான்ட்டா சபீனா ஆலயத்தில் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக்கதவு ஒன்று இருக்கிறது. சிலுவைக் காட்சியைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களுள் ஒன்று அதில் உள்ளது. அங்கே கிறிஸ்து கண்களைத் திறந்து, கைகளை விரித்து, நிமிர்ந்து நிற்கிறார். முகத்தில் வலியின் சாயலே இல்லை. சாவை வென்ற அரசராகவே அக்காலம் அவரைக் கண்டது.

கொலோன் பேராலயத்தில் உள்ள கேரோ சிலுவை 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செதுக்கப்பட்டது. அதில் தலை சரிந்துவிட்டது, கண்கள் மூடிவிட்டன, உடலின் பாரம் தோள்களை இழுக்கிறது. 1224இல் அசிசியின் பிரான்சிசு உடலில் ஐந்து காயங்கள் தோன்றின என்று பரவிய செய்தி, துன்புறும் உடலை பக்தியின் மையத்துக்கே கொண்டுவந்தது. அரசர் மனிதரானார். பின்னர் அந்த மனிதர் நோயாளியும் ஆனார். அதனைக் காண நாம் அல்சேஸ் பகுதியின் ஐசன்ஹைம் மடத்துக்குச் செல்லவேண்டும்.

அம்மடம் வனத்து அந்தோணியாரின் பெயரால் அமைந்த சபையினருடையது. 'புனித நெருப்பு' என அழைக்கப்பட்ட நோயால் வாடியவர்களைப் பேணுவதே அச்சபையின் பணி. உடலெங்கும் எரிச்சல் மூளும். கைகால்கள் கருகி அழுகும். சில வேளைகளில் தாமே கழன்று விழும். ரை என்னும் தானியக் கதிரில் வளரும் ஒருவகைப் பூஞ்சையே இதற்குக் காரணம் என்பது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புலப்பட்டது. அந்தத் தானியத்தின் ரொட்டியே ஏழைகளின் அன்றாட உணவு.

இந்நோயாளிகளின் மடத்துக்காகவே 1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் குரூனெவால்ட் பீட ஓவியத்தைத் தீட்டினார். இன்று அது கோல்மாரின் உன்டர்லின்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் கிறிஸ்துவைப் பார்த்ததும் நாம் துணுக்குறுகிறோம். பச்சை படிந்த தோல்; உடலெங்கும் முட்கள் தைத்த புண்கள்; வலியில் முறுக்கிக்கொண்ட விரல்கள். படுக்கையிலிருந்து எழுந்து வந்த நோயாளி இதில் தன் தோலையே கண்டிருப்பான்.

நோயைப் பாவத்தின் கூலியாகக் கருதிய காலம் அது. ஊரார் அருவருத்து விலகிய உடலைக் கடவுளின் உடலாகவே தீட்டி, ஓவியர் அத்தீர்ப்பைக் கலைத்துவிடுகிறார். திருநாள்களில் பீடத்தின் கதவுகள் திறக்கப்படும்போது உயிர்த்தெழுந்த கிறிஸ்து தோன்றுவார். புண்கள் அனைத்தும் மறைந்து மேனி ஒளிர்கிறது. ஆணித் தழும்புகள் மட்டும் எஞ்சி, அவையும் சுடர்விடுகின்றன. குணமடைதல் என்பது பட்ட துன்பத்தை மறப்பதன்று என்னும் பொருளை நாம் இதில் காண்கிறோம்.

ஆயினும் ஓர் உறுத்தல் மிஞ்சுகிறது. இதே அல்சேசின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், கிணறுகளில் நஞ்சிட்டதாகப் பழி சுமத்தி, 1349இல் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். சிலுவையின் காயங்களுக்காகக் கண்ணீர் விட்ட சமூகம்தான் அந்தத் தீயையும் மூட்டியது. துன்புறும் உடலை வணங்குவதால் மட்டுமே அடுத்தவர் உடலின்மீது இரக்கம் பிறந்துவிடுவதில்லை.

ஐசன்ஹைமின் பெருமை ஓவியத்தோடு முடிந்துவிடவில்லை என்று நாம் கருதுவது இதனால்தான். அந்தோணியார் சபையின் துறவியர் புண்களுக்கு மருந்திட்டனர். அழுகிய உறுப்புகளை அகற்றினர். நோயாளிகளுக்கு நல்ல ரொட்டி தந்தனர். நோய் பழைய ரொட்டியில்தான் இருந்தது என்பதை அவர்கள் அறியார். புனிதரின் அருளால் குணமாயிற்று என்றே நம்பினர். ஆனால் பசித்தவனுக்குச் செய்த அந்த உபசாரமே, அவர்களுக்கும் தெரியாமல், மருந்தாக வேலை செய்தது. ஓவியம் நோயாளியின் தனிமையைப் போக்கியது. அவன் உயிரைக் காத்தது அதனருகே பரிமாறப்பட்ட உணவு.