வராத நியூட்ரான்கள்

1989 மார்ச் 23. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் யூட்டா பல்கலைக்கழகம் நிருபர்களைக் கூட்டியது. பேச வந்தவர்கள் இரண்டு வேதியியலாளர்கள்: அங்கு வேதியியல் துறைத் தலைவராக இருந்த ஸ்டான்லி பான்ஸ், இங்கிலாந்தின் மார்ட்டின் ஃப்ளீஷ்மான். ஃப்ளீஷ்மான் ராயல் சொசைட்டி உறுப்பினர்; மின்வேதியியலில் பெரும்பெயர் பெற்றவர். அதனால்தான் உலகம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

கன நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. உள்ளே பல்லேடியம் கம்பி, அதைச் சுற்றிப் பிளாட்டினச் சுருள். மின்சாரம் பாய்ச்சினால் கன நீரிலுள்ள டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் அணுக்கள் பல்லேடியத்துக்குள் புகுந்து இணைகின்றன, கொடுத்ததைவிட அதிக வெப்பம் கிடைக்கிறது என்றார்கள். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரியில் நடக்கும் அணுப்பிணைப்பு, சாதாரண மேசைமேல்! இதுவே குளிர் அணுப்பிணைப்பு எனப்பட்டது. மறுநாளே அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. மாசில்லாத ஆற்றலுக்கு உலகம் ஏங்கிய நேரம் அது. யூட்டா சட்டமன்றம் 50 லட்சம் டாலர் ஒதுக்கியது.

இயற்பியலாளர்கள் கேட்டது ஒன்றுதான்: நியூட்ரான்கள் எங்கே?

டியூட்டீரிய அணுக்கள் இணையும்போது ஏறக்குறைய பாதி முறை ஒரு நியூட்ரான் வெளியேறும். ஒரு வாட் வெப்பத்துக்கே நொடிக்குச் சுமார் லட்சம் கோடி நியூட்ரான்கள் பறக்க வேண்டும். குடுவையருகே ஒரு மணி நேரம் நின்றவர் பிழைத்திருக்க முடியாது. ஆய்வகத்தில் இருந்தவர்களோ நலமாகவே இருந்தார்கள். மறுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஏப்ரலில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் நியூட்ரான்களைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அவர்களுடைய எண்ணும் கருவி வெப்பம் பட்டாலே கூடுதலாக எண்ணிக்கொண்டிருந்தது! தவறு தெரிந்ததும் ஊரறியச் சொன்ன அந்த நேர்மை பாராட்டுக்குரியது. மே 1 அன்று பால்டிமோரில் நடந்த இயற்பியலாளர் கூட்டத்தில் கால்டெக்கின் நேதன் லூயிஸ் இன்னொரு ஓட்டையைக் காட்டினார். குடுவை நீரைச் சரியாகக் கலக்காவிட்டால் ஓரிடம் சூடாகவும் ஓரிடம் குளிராகவும் இருக்கும். வெப்பமானி நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும்.

அவசரம்தான் பான்ஸையும் ஃப்ளீஷ்மானையும் கெடுத்தது. பக்கத்து ஊர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜோன்ஸ் இதே துறையில் இறங்கியிருந்தார். அவரை முந்தும் வேகத்தில், மற்றவர்கள் சோதித்துப் பார்க்கப் போதிய விவரம் தராமலே செய்தியாளர்களிடம் போனார்கள்.

ஆனாலும் அந்தக் கனவு ஓயவில்லை. 2011-ல் இத்தாலியின் போலோன்யாவில் ஆண்ட்ரியா ரோஸ்ஸி என்பவர் நிக்கல்-ஹைட்ரஜன் சாதனம் ஒன்றை இயக்கிக் காட்டினார். வெளிவந்த நீராவியை வைத்து வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். ஆவியோடு கொதிநீரும் கலந்து வந்தால் அந்தக் கணக்கு பல மடங்கு வீங்கிவிடும் என்று ஐயப்பட்டவர்கள் எச்சரித்தார்கள். அவரோடு ஒப்பந்தம் போட்ட அமெரிக்க நிறுவனத்துடனான தகராறு நீதிமன்றம் வரை போய், 2017-ல் சமரசத்தில் முடிந்தது.

கூகுள் சுமார் ஒரு கோடி டாலர் கொடுத்து, 2015 முதல் பல ஆய்வகங்களில் குளிர் அணுப்பிணைப்பை மறுபடி சோதிக்கவைத்தது. 2019-ல் நேச்சர் இதழில் முடிவு வெளியானது: அதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.